சிறையில் இருப்பவருக்குக் கடைசிக் கட்டம் வந்துவிட்டால்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் ஆயுள் கைதி. வாயில் வந்த புற்றுநோய் கழுத்துக்குப் பரவிவிட்டது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ரேடியேஷன் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சிறைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீடெல்லாம் முடிந்துபோன வழக்கு. அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? முடியாவிட்டால் உள்ளே அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? வெளிநாட்டில் ஜெயிலுக்குள்ளேயே ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளியைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம்) இருக்கிறதாமே, இங்கே அப்படி உண்டா? 78 வயது அம்மா ஒரு தடவை அவரைப் பார்க்க வழி உண்டா? இவைதான் அவர் கேள்விகள்.

நான் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை பார்க்கும் மருத்துவர். வழிக்காவலோடு வந்த நோயாளிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக மனுப் போட்ட வக்கீல்களுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததில், எந்தத் தாள் எந்த மேஜையில் தேங்கும் என்பதும் ஓரளவு தெரியும்.

குடும்பங்கள் நாட்களை இழப்பது எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனை வெளியே கொண்டுவருவது ஒரு வேலை. அவர் வலியைக் குறைப்பது இன்னொரு வேலை. மனு முடியட்டும், வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். மனு மாதக்கணக்கில் நகரும். இந்த நோய் அவ்வளவு காலம் கொடுக்காது. வலி மருந்துக்கு விடுதலை ஆணை தேவையில்லை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

"இனி ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னது, நோயைக் குணமாக்க ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில்தான். செய்ய வேண்டியது அதற்கு அப்புறமும் நிறைய இருக்கிறது. வலி, விழுங்க முடியாமை, புண்ணிலிருந்து வரும் நாற்றம், ரத்தக் கசிவு, தூக்கமில்லாத ராத்திரி. இவை ஒவ்வொன்றுக்கும் விலை குறைந்த, நன்றாகப் பழகிய சிகிச்சை உண்டு.

வலிக்கு மார்ஃபின். ஊசி தேவையில்லை, மாத்திரையே போதும். பெரும்பாலும் 10 மில்லிகிராம் மாத்திரையில் தொடங்கி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்போம். வலி அடங்காவிட்டால் படிப்படியாக அளவைக் கூட்டுவோம். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம் இருக்க வேண்டும். அதை எழுத மறந்தால் நோயாளியே மார்ஃபினை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைப் போதைக்கு அடிமையாக்கும் என்ற பயம் வேண்டாம். அது உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்பதும் சரியில்லை.

"ஜெயிலுக்குள் மார்ஃபினா?" என்று அதிகாரிகள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளே அந்தத் தலைவலி வேண்டாமென்று வாங்குவதை நிறுத்தின. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரமும் கிடைத்தால் ஒரு மருத்துவமனை இவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆகவே, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி எழுதிக் கொடுப்பதைச் சிறை மருத்துவமனையில் கணக்கு வைத்துக் கொடுப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மாத்திரை வேறு கைக்குப் போய்விடும் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் நர்ஸ் கையால் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, பதிவேட்டில் எழுதினால் போதும். காசநோய் மாத்திரையை நேரடியாகக் கண்காணித்துக் கொடுக்கும் முறை சிறைகளுக்குப் புதிதில்லை.

உண்மையான சிக்கல் ராத்திரியில்தான். சாயங்காலம் எண்ணிக்கை எடுத்துப் பூட்டினால் காலையில்தான் அறை திறக்கும். இரவு இரண்டு மணி மாத்திரையை யார் கொடுப்பது? படுக்கும் நேரத்தில் இரட்டை அளவாகக் கொடுத்து நடுராத்திரி வேளையைத் தாண்டிவிடுவது எங்கள் வழக்கம். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மாத்திரையும் இருக்கிறது. ஆனால் உங்கள் அண்ணனுக்கு மூக்குக் குழாய் வைத்திருந்தால் அந்த நீண்ட நேர மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடக் கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். குழாய் இருப்பவருக்குச் சாதாரண மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதுதான் சரி. இதைச் சிறை மருத்துவரிடம் ஞாபகப்படுத்துவதில் தப்பேதும் இல்லை.

அடுத்தது நாற்றம். நோயாளிகள் வலியைக்கூடச் சொல்லிவிடுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்ததும் சாப்பாட்டையே தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஒரே அறையில் பலர் அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் இது இன்னும் பெரிய தண்டனை. மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் சில நாட்களிலேயே நாற்றம் குறையும். அந்த மாத்திரை எந்த அரசு மருந்தகத்திலும் கிடைக்கும். கழுத்துப் புண்ணில் ரத்தம் கசிய வாய்ப்பிருப்பதால் கரும்பச்சை அல்லது சிவப்புத் துண்டு இரண்டு மூன்று வாங்கிக் கொடுக்க அனுமதி கேளுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும், நோயாளிக்கு அதைவிட அதிகம் பதறும். படுத்த படுக்கையாகிவிட்டால் தண்ணீர் மெத்தையும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதற்குத்தான் வெளிநாட்டுக் கதையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆயுள் தண்டனை என்றால் பரோலுக்கே வழியில்லை. உள்ளேயே கிழடாகி உள்ளேயே சாக வேண்டியதுதான். அந்த மாநிலத்தின் அங்கோலா சிறையில் 1998இல் ஹாஸ்பிஸ் தொடங்கினார்கள். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் போடுவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் சக கைதிகள். தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் சேர்ப்பார்கள். உயிர் பிரியும் நேரம் நெருங்கினால் ராப்பகலாக முறை வைத்து உட்காருவார்கள், தனியாகச் சாகவிட மாட்டார்கள். கலிபோர்னியாவில் வாக்கவில் என்ற இடத்துச் சிறையில் 17 படுக்கைகளோடு இதேபோல் ஒரு ஹாஸ்பிஸ் இருக்கிறது. இங்கிலாந்தில் சிறையில் கண்ணியமாக இறப்பதற்கென்றே 2018இல் ஒரு சாசனம் வெளியிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் இருப்பது சிறை மருத்துவமனையும், முடியாத நிலையில் ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோய்ப் போலீஸ் காவலோடு படுக்க வைக்கும் ஏற்பாடும்தான். ஆனால் அங்கோலாவில் செய்வதன் சாரம் நம் சிறைகளில் பெயரில்லாமல் ஏற்கெனவே நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே பிளாக்கில் இருந்தவர், முடியாமல் போனவருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்து, சட்டையைத் துவைத்துப் போட்டு, மலச்சட்டியும் எடுக்கிறார். வீட்டு ஆள் எங்கள் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வேலைதான் இது: குழாயில் எப்படி ஊற்றுவது, புண்ணை எப்படிக் கழுவுவது, எப்படிப் புரட்டுவது. அதே பயிற்சியைச் சிறைக்குள் ஓரிருவருக்குக் கொடுத்து, அவர்களைப் பகலிலும் ராத்திரியிலும் நோயாளியோடு இருக்கவிட்டால் புதுக் கட்டடம் இல்லாமலே பாதி ஹாஸ்பிஸ் வந்துவிடும். சிறையில் செய்யும் மற்ற வேலைக்குக் கூலி கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம். அண்ணனோடு நெருக்கமான ஆள் யார் என்று கேட்டு, அவரை உதவிக்குப் போடும்படி கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே நர்ஸ் பையோடு போய் ஆதரவு சிகிச்சை கொடுக்கிறார். ஆயுள் கைதிக்கு வீடு சிறைதான் என்று அரசே தீர்மானித்திருக்கும்போது அந்த நர்ஸ் சிறை வாசலையும் தாண்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, வெளியே சமூகத்தில் கிடைக்கும் அதே தர மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. 2022இல் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அவர்களில் 1,773 பேரின் சாவு இயற்கை மரணம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. மாரடைப்பு, காசநோய், புற்றுநோய் எல்லாம் அந்தத் தலைப்புக்குள் வந்துவிடும். அவர்களில் எத்தனை பேருக்கு வலிக்கு மார்ஃபின் கிடைத்தது என்று கேட்கும் கட்டம் அந்த அட்டவணையில் இல்லை.

சரி, வெளியே வரும் வழி. ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலை போன்ற, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில், தண்டனைக் குறைப்பு மூலம் விடுவதானால்கூட குறைந்தது 14 வருஷம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475ஆவது பிரிவு. ஆனால் அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை அந்த 14 வருஷக் கணக்கு கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே மாரு ராம் வழக்கில் சொல்லிவிட்டது. அமைச்சரவை பரிந்துரைத்து ஆளுநர் கையெழுத்திட வேண்டிய வழி அது, நாளாகும். அண்ணா பிறந்தநாளுக்கு விடுவார்கள் என்று செப்டம்பரை எதிர்பார்த்தும் காத்திருக்காதீர்கள்.

அதனால் அதோடு சேர்த்து விடுப்பும் கேட்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி, தண்டனைக் கைதிகளுக்கு அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு உண்டு. விதிகளில் இடமில்லாதபோது விலக்குக் கொடுக்கும் அதிகாரம் 40ஆவது விதியில் அரசுக்கு இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காகச் சாதாரண விடுப்புக் கேட்டு, மறுத்தாலோ பதிலே சொல்லாவிட்டாலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது சொந்தக்காரர் விசாரணைக் கைதியாக இருந்தால் வழி வேறு: நோயுற்றவர், உடல் நலிந்தவர் என்ற காரணத்தைச் சொல்லியே ஜாமீன் கேட்கலாம், அது சன்ஹிதாவின் 480ஆவது பிரிவில் இருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பவருக்குத் தண்டனையை நிறுத்தி வைக்கும்படி 430ஆவது பிரிவில் கேட்கலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். காவலில் இருப்பவர் எவராக இருந்தாலும், வருமானக் கணக்கே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 2024 டிசம்பரில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் முதிய, தீராத நோயுள்ள கைதிகளுக்கென்றே மூன்று மாதச் சிறப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதைக் குறிப்பிட்டே மனுக் கொடுங்கள்.

மனுவின் உயிர் மருத்துவச் சான்றிதழில் இருக்கிறது. "மேல்சிகிச்சை தேவைப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி வாங்கினால் மனு அங்கேயே படுத்துவிடும். மேல்சிகிச்சைதானே, ஐகிரவுண்டில் கொடுத்துக்கொள்ளட்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லும், நீதிபதியும் ஒப்புக்கொள்வார். சான்றிதழில் நோயின் பெயர், எங்கெல்லாம் பரவியிருக்கிறது, குணமாக வாய்ப்பில்லை என்பது, இன்னும் எவ்வளவு காலம் இருக்கலாம் என்ற மதிப்பீடு, சாப்பிட, எழ, கழிப்பறை போக அடுத்தவர் உதவி எவ்வளவு தேவை என்பது, சிறையில் கிடைக்காதது என்ன என்பது எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காலத்தை எழுத டாக்டர்கள் தயங்குவோம், தவறிப்போய்விடுமோ என்று. "மாதங்களில்தான் கணக்கு" என்றாவது எழுதும்படி கேளுங்கள். திருச்சிப் பக்கத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, விசாரணைக் கைதியாக இருந்தபோது 84 வயதில், பார்க்கின்சன் நோயோடு, கடைசி நாட்களை ராஞ்சியில் தன் ஆட்களோடு கழிக்க இடைக்கால ஜாமீன் கேட்டார். அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்துபோனார். நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கிலேயே அதுதான் நடந்தது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விடுப்போ விடுதலையோ கேட்டால், ஊரில் போய் இருப்பதில் ஆபத்து உண்டா என்று போலீஸிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் அறிக்கை கேட்பார்கள். பழிக்குப் பழி கொலைகள் நடக்கும் திருநெல்வேலிச் சீமையில் அது வெற்றுச் சம்பிரதாயம் இல்லை. அண்ணனால் உயிரிழந்தவரின் குடும்பம் அதே ஊரில் இருந்தால் அவர்களுடைய துக்கத்தையும் மதித்தே முடிவெடுக்க வேண்டும். உங்கள் புகுந்த வீடோ வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீடோ முகவரியாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பல மனுக்கள் இந்த ஒரு மாற்றத்தால் நகர்ந்திருக்கின்றன. செத்தவருக்கு யார் மார்ஃபின் கொடுத்தார்கள் என்று உங்களிடம் யாராவது கேட்கலாம். கேட்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் உங்கள் அண்ணனுக்குக் கொடுத்தது அடைப்புத் தண்டனை. வலி அந்தத் தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் மட்டும் இல்லை: அண்ணன் என்ன விரும்புகிறார்? அடுத்த தடவை நேர்காணலுக்குப் போகும்போது அவரிடமே கேளுங்கள். வீட்டில்தான் கண்ணை மூட வேண்டும் என்பவர்கள் அதிகம். ஆனால் இருபது வருஷம் உள்ளே இருந்து, மனைவி வேறு வாழ்க்கைக்குப் போய், பிள்ளை முகமே தெரியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நெருங்கியவர்கள் எல்லாம் மதிலுக்கு உள்ளேதான். அப்படிப்பட்டவரை அவசரமாக வெளியே அனுப்பினால், அல்லது முகம் தெரியாத காவலர்கள் நடுவில் கைதிகள் வார்டில் படுக்க வைத்தால், கடைசியில் இருந்த உறவும் அறுந்துபோகும். உள்ளேயே நல்ல பராமரிப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

ஐகிரவுண்டில் சேர்த்தால் கட்டிலோடு விலங்கு போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். குவஹாத்தி மருத்துவமனையில் கைதிகளை விலங்கிட்டுக் கயிற்றால் கட்டிலோடு கட்டியிருந்த வழக்கில், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியிலும் ஹரியானா வழக்கு ஒன்றில், ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சங்கிலியிட்டது வாழ்வுரிமையை மீறியது என்றது. காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரிடம் சண்டை போட வேண்டாம். பாவம், ஆள் தப்பினால் அவர் வேலை போகும். எழுந்து நடக்க முடியாதவர் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, உத்தரவு எங்கே என்று அவருடைய மேலதிகாரியிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். கைதி என்றதும், காவலில் மரணம் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, வென்டிலேட்டர்வரை போய்விடுகிறார்கள். குணமாகாத நோயில் அது துன்பத்தைத்தான் நீட்டும். செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. கைதி என்பதால் அந்த உரிமை போய்விடாது. அண்ணனுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

உள்ளேயே இறந்தால், நோய் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தாலும், மாஜிஸ்திரேட் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பரிசோதனையை வீடியோ எடுப்பார்கள். இது உங்கள் அண்ணனைச் சந்தேகித்தோ உங்களைச் சந்தேகித்தோ செய்வதில்லை. அடித்துச் சாகடித்ததை நோய் என்று எழுதிவிடாமல் இருக்க வந்த காப்பு. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோர் அந்த விசாரணையில் கூட இருக்கலாம். உடல் கைக்கு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். நீர்மாலைக்கும் கோடிக்கும் நேரம் குறிக்கிறவர்களிடமும், கேதத்துக்கு வருகிறவர்களிடமும் முன்னதாகவே சொல்லி வைத்தால், பிணவறை வாசலில் தேவையில்லாத சத்தம் இருக்காது.

கடைசியாக, அம்மா. காத்திருக்காதீர்கள், இந்த வாரமே மனுக் கொடுங்கள். வலைக்கம்பிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாகப் பார்க்கும் சாதாரண நேர்காணலைக் கேட்காதீர்கள்; சிறை மருத்துவமனையில் படுக்கை அருகே உட்கார்ந்து பார்க்க அனுமதி என்று குறிப்பாக எழுதுங்கள். அம்மாவின் வயது, நடக்க முடியாத நிலை, சக்கர நாற்காலி தேவை என்பதைச் சேருங்கள், டாக்டர் சான்றிதழின் நகலையும் இணையுங்கள். வரும்போது கையால் ஒரு வாய் பால் கொடுக்க அனுமதிப்பார்களா என்றும் கேட்கலாம். ஆனால் விழுங்கும்போது புரையேறும் நிலையில் இருந்தால், பஞ்சில் நனைத்து உதட்டைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குலதெய்வக் கோவில் திருநீறைத் தனிப் பொட்டலமாக வாசலில் காட்டிவிட்டுக் கொண்டுபோகலாம். மறுத்தால் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு திரும்பாமல் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளோடு அன்றைக்கே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்து ஒரு கடிதமோ ஒரு போனோ போவதற்கு நீங்கள் பைசா கட்ட வேண்டியதில்லை.